கல்யாணத்துக்கு முன்னே ஓர் ஆபரேஷன்

இரண்டாயிரத்துப் பத்துக்குச் சற்று முந்தைய ஒரு தை மாதம். மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். அப்பா இல்லை. பரவையில் ஒரு வாடகை வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கொடுப்பார். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

மாப்பிள்ளை சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுபவர். அவருடைய அண்ணன் வளைகுடா நாட்டில் வெல்டர். தகப்பன் இல்லாத தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அவர் விடுப்பில் ஊருக்கு வந்திருந்ததால்தான் அந்தத் தேதியையே குறித்தார்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் முடியும்வரை எங்கள் கோயிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அண்ணனுடைய விடுப்போ தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனோடு முடிகிறது. எனவே அதற்குள் நடத்திவிட வேண்டும் என்று பேச்சு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் அறிவிக்கும் முதல் ஓலையும் வாசித்தாயிற்று.

அந்தச் சமயத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டவுன் பஸ் படியில் ஏறி உட்கார்ந்தால் கோரிப்பாளையம் வரும்வரை பேசமாட்டார். கல்யாண வேலையில் அலைச்சல் என்றே நினைத்தோம். ஒருநாள் தையல் மெஷின்மேல் அப்படியே சாய்ந்துவிட்டார். டாக்டர் இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும், மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள் என்றார்.

எங்களால் புரட்ட முடியாத செலவு. ஆனாலும் எனக்குப் பெரிய பயம் வரவில்லை என்பதுதான் உண்மை. அரசு ஊழியர்களுக்குக் குழு மருத்துவக் காப்பீடு அப்போதுதான் வந்திருந்தது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். என்னுடைய அட்டையில் அம்மாவின் பெயரும் போட்டோவும் இருந்தன. அட்டையை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் போனேன். அவர் நிதானமான மனிதர். என் கல்யாணத் தேதியைக் கேட்டார். சொன்னேன். கொஞ்சநேரம் விதிகளைப் புரட்டிவிட்டு, கல்யாணமாகாதவர்களுக்குத்தான் பெற்றோர் குடும்பத்தில் சேர்வார்கள், கல்யாணமாகிவிட்டால் கணவரும் பிள்ளைகளும்தான் குடும்பம் என்றார். ஆபரேஷன் அன்றைக்கு நான் யார் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

அதற்கென்ன, கல்யாணத்துக்கு முன்பே ஆபரேஷனை முடித்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே தடையாக இருந்தது அம்மாவின் பல். வால்வு மாற்றுவதற்கு முன் வாயில் சீழ் எதுவும் இருக்கக் கூடாதாம். அம்மாவுக்குக் கடைவாய்ப் பற்கள் சொத்தை. அவற்றைப் பிடுங்கி, புண் ஆறி, அதன் பிறகுதான் நெஞ்சைத் திறப்பார்கள். கணக்குப் பார்த்தால் ஆபரேஷன் கல்யாணத்துக்குப் பிந்தித்தான் வந்தது.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கை அக்கா குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். கல்யாணத்தைச் சத்தமில்லாமல் முடித்துவிட்டு அலுவலகத்தில் மட்டும் சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். அன்று மத்தியானம் முழுக்க அதைப் பற்றி யோசித்தேன். ஆஸ்பத்திரியில் யாராவது என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் பொய் சொல்ல எனக்கு வராது என்று தோன்றியது. விட்டுவிட்டேன்.

மிச்சம் இருந்தது கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதுதான். மாப்பிள்ளைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அண்ணனிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஓலை வாசித்த பிறகு கல்யாணம் நின்றால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். இந்தச் சம்பந்தம் முடிந்தது என்றே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அண்ணன் மட்டும் என் அலுவலகத்துக்கு வந்தார். நிச்சயதார்த்தத்தன்று தூரத்தில் பார்த்ததோடு சரி, நேரில் பேசியதில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஆபரேஷன முன்னாடி வைக்க வழியே இல்லையாம்மா?"

பல் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"அப்பக் கல்யாணத்தத் தள்ளிருவோம். ஈஸ்டருக்கு அப்புறம் வச்சுக்கலாம்."

"நீங்க இருக்க மாட்டீங்களே" என்றேன்.

"ஆமா, லீவு கிடைக்காது. கோயில் சாமியார்ட்ட நானே சொல்லிக்கிறேன். உங்க பக்கம் யாரும் கேட்டா, மாப்பிள்ளை வீட்டுலதான் தள்ளிப்போட்டாகன்னு சொல்லுங்க."

அவ்வளவுதான் பேசினார். கேண்டீனில் டீ வாங்கித் தரக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் போன பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். அழுகை வந்தது. பக்கத்து இருக்கை அக்கா கல்யாணம் நின்றுவிட்டது என்று எண்ணி எனக்கு ஆறுதல் சொன்னார்.

வீட்டில்தான் சண்டை. அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. தன்னால் கல்யாணம் தள்ளிப்போனது என்ற பேச்சு வேண்டாம் என்றார். குறித்த தேதியில் கல்யாணம், அதன் பிறகு எங்கேயாவது பார்த்துக்கொள்ளலாம் என்றார். பல் டாக்டரிடம் வரமாட்டேன் என்று வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கெஞ்சினேன், கத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையிடமே சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணனும் தம்பியும் பரவைக்கு வந்தார்கள். அம்மா மூச்சிரைக்க எழுந்து காபி போடப் போனார். அண்ணன் உட்காரச் சொன்னார்.

"தம்பி, நீங்க இல்லாம அந்தப் பிள்ளைக்கு எப்படிக் கல்யாணம் நடத்துறது? தகப்பன் ஸ்தானத்துல நிக்கிறவரு நீங்க" என்றார் அம்மா.

அண்ணன் தன் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிக்கொள்ளாவிட்டாலும் அவர்கள் இருவருக்கும் எவ்வளவு பெரிய இழப்பு அது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அத்தை, நான் போட்டோவுல பாத்துக்கிறேன். நீங்க நேர்ல இருந்து பாருங்க" என்றார் அண்ணன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் கிளம்பும்போது, பல் பிடுங்க என்றைக்குப் போக வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.

புண் ஆறியதும் அம்மாவைச் சேர்த்தோம். காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் வரத் தாமதமானது. ஆஸ்பத்திரியில் காப்பீட்டு வேலைகளைக் கவனித்த பெண் என் அட்டையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இன்றைக்கும் அந்த ஒற்றை வார்த்தையைச் சொன்னது நினைவிருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு நாக்குக் குழறவில்லை. ஒப்புதல் வந்தது. ரத்தம் கொடுக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்ததும் அண்ணன்தான்; முதலில் கை நீட்டியவரும் அவரே.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாம்பல் புதனன்று, வார்டுக்கு மாற்றியிருந்த அம்மாவைப் பார்க்க அண்ணன் வந்தார். நெற்றியில் சாம்பல், கையில் பெட்டி. திருச்சிக்குப் போய் விமானம் ஏற வேண்டும். அம்மாவால் சத்தமாகப் பேச முடியவில்லை. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "வாரேன் அத்தை, நல்லாச் சாப்பிடுங்க" என்று சொல்லிக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு போனார். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஈஸ்டருக்குப் பின் எங்கள் கல்யாணம் நடந்தது. அம்மா முதல் வரிசையில் இருந்தார். சாமியார் எங்களை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு முடியும்வரை உட்கார மறுத்துவிட்டார். தகப்பன் ஸ்தானத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு மாமா நின்றார். அண்ணன் அடுத்த முறை விடுப்பில் வந்தபோது ஆல்பத்தைக் கொடுத்தோம். ஒவ்வொரு பக்கமாக மெல்லப் புரட்டினார். கடைசிப் பக்கம் வந்ததும் திரும்ப முதலிலிருந்து பார்த்தார்.

இப்போது நானே ஊழியர்களின் காப்பீட்டு வேலைகளைக் கவனிக்கும் பிரிவில் இருக்கிறேன். கல்யாணம் நிச்சயமான பெண்கள் சிலர் என்னிடம் அதே விதியைக் கேட்டுவிட்டு அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்ப்பார்கள். விதியை மாற்ற என்னால் முடியாது. போகப்போகிற வீட்டில் சொல்லிப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்பேன். மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால், அன்று என் அம்மாவைப் பிழைக்கவைத்த அந்தப் பதிலை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.