படத்தில் மிஞ்சிய கால்

எங்கள் இசைப் பள்ளியின் சுவரில் போன வருஷம் நாலு கண்ணாடிச் சட்டங்களை மாட்டினோம். நாலு ஆசிரியர்கள், ஆளுக்கு ஒரு பக்கம். யார், எந்த ஊர், யாரிடம் படித்தார், எங்கெல்லாம் வாசித்தார் என்ற விவரம். நாலையும் எழுதியவள் நான். மூன்றில் எழுதியது பாதிப் பொய். நாலாவதில் செய்தது பொய்யைவிடக் கேவலம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளி தென்காசியில் ஒரு பைப் கடையின் மாடியில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துவது. சாயங்காலம் வகுப்பு. பெற்றோர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “யார்ட்ட படிச்சாராம்?” இவர் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு வருமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. செயலாளர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். தினம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய் என்னிடம் சொன்னார்: “டீச்சர், உங்களுக்குத்தான் தமிழ் நல்லா வரும். நாலு பேரோட பின்னணியையும் கெத்தா எழுதிக் குடுங்க. சுவர்ல மாட்டிருவோம். வாறவங்க படிச்சுக்கிடட்டும்.”

எழுதினேன். வயலின் சார் முப்பது வருஷம் தபால் ஆபீசில் சீல் குத்தியவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வயலின் படித்தவர். ‘இளமை முதல் இசைக்கே தம்மை அர்ப்பணித்தவர்’ என்று எழுதினேன். கீபோர்டு தம்பி சுரண்டை சர்ச்சில் வாசித்தும், மிச்சத்தைப் போனில் பார்த்தும் தானாகப் படித்த பையன். ‘மேற்கத்திய இசையில் முறையான பயிற்சி’ என்று எழுதினேன். இருவரும் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டார்கள்.

அடுத்தது நான். நான் பாட்டு டீச்சர். டியூஷனுக்குப் போய் அரசாங்கப் பரீட்சை எழுதிப் பாஸானவள். ஒரு சீசனில் குற்றாலத்தில் பெரிய பாடகர் ஒருவர் பத்து நாள் முகாம் நடத்தினார். கூட்டத்தில் நானும் ஒருத்தி. என் பெயர் அவருக்குத் தெரியாது. பத்து நாளில் என்னிடம் அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: “கொஞ்சம் வெந்நீர் கொண்டு வாம்மா.” கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘அன்னாரின் நேரடி மாணவி’ என்று எழுதிக்கொண்டேன். எழுதும்போது கை கூசவில்லை. அதுதான் இப்போது கூசுகிறது.

கடைசியாகத் தவில் வாத்தியார். ஐம்பதைத் தாண்டியவர். கடையத்துக்குப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். எங்கள் நாலு பேரில் உண்மையான கலைஞன் யார் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அவரைக் காட்டுவேன். வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது பேப்பரும் பேனாவுமாக அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

“எழுதுங்க டீச்சர். கோயில் கொடைக்கு வாசிச்சேன். கரகாட்டத்துக்கு வாசிச்சேன். துட்டி வீட்டுக்கும் போயிருக்கேன்.”

“துட்டி வீடெல்லாம் வேண்டாமே அண்ணாச்சி.”

“ஏன்? அங்கயும் தாளம் ஒண்ணுதான? செத்தவன் எந்திரிச்சு வந்து தப்பு கண்டுபிடிக்க மாட்டாம்னு இஷ்டத்துக்கு அடிக்க முடியுமா?”

சிரித்தேன். எழுதவில்லை.

“யார்ட்ட படிச்சீங்க?”

“எங்க அத்தைட்ட.”

“அத்தை தவில் வாசிப்பாங்களா?”

“தவிலத் தொடக்கூட மாட்டா. கரகம் ஆடுவா. எங்கப்பா தவிலுதான். எனக்கு ஒம்பது வயசுல எங்கள விட்டுட்டுப் போனவருதான், பெறகு செத்த சேதிதான் வந்துச்சு. தவிலு வீட்டுல கெடந்துச்சு. அத்தை அத எடுத்து என் கழுத்துல மாட்டுனா. ‘மேளத்தப் பாக்காதலே, என் காலப் பாரு’ம்பா. நான் ஒரு அடி பிசகுனா அப்படியே நின்னுருவா. தலையில கரகம் நிக்கும். இவ நிப்பா. கூட்டம் பூரா என்னையப் பாக்கும். விட்ட எடத்துல இருந்து நான் திரும்ப எடுக்குற வரைக்கும் கால அசைக்க மாட்டா. அப்படிப் படிச்சதுதான் டீச்சர். அத எழுதுங்க.”

நான் எழுதியது இது: ‘பாரம்பரிய இசைக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையாரும் குருவுமாகிய மறைந்த தவில் வித்வானிடம் குருகுல முறையில் பயின்றவர். எண்ணற்ற திருவிழாக்களில் வாசித்தவர்.’

யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. கரகாட்டம் ஆடுகிற பெண் என்றால் இந்த ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியும்; அதிலிருந்து அவரைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. அவர் சொன்னது அப்படியே சுவரில் ஏறினால் பக்கத்தில் இருக்கும் என் பத்து நாள் முகாம் நிற்காது. உண்மையைப் படித்த கண்ணுக்குப் பொய் உடனே தெரிந்துவிடும். அதற்குத்தான் பயந்தேன்.

சட்டம் மாட்டிய அன்று அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“டீச்சர், எங்கப்பாவா?”

“அப்படித்தான் எழுதுவாங்க அண்ணாச்சி. ஒரு முறைக்கு.”

“சரி. ஒங்களுக்குத் தெரியும்.”

அந்த மரியாதையை நான் அன்று சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டு விழாவைச் சீசன் சமயத்தில் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் நடத்துவோம். அப்போது ஒவ்வொரு ஆசிரியரின் குருவையும் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போடுவோம். குரு இறந்திருந்தால் படத்துக்கு மாலை. விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் செயலாளர் தவில் வாத்தியாரிடம் அப்பா படம் கேட்டார். “இல்ல சார்” என்றார் அவர். செயலாளர் விடவில்லை. வாத்தியார் வகுப்பில் இருந்த ஒரு சாயங்காலம், “வீட்டுல பெரியவங்ககிட்ட கேட்டா கிடைக்கும், வாங்க டீச்சர்” என்று என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு கடையத்துக்குப் போனார். நான் போயிருக்கக் கூடாது. இல்லை, போகும் வழியிலாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். தென்காசியிலிருந்து கடையம் வரை வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு போனேன்.

ஷீட் போட்ட சின்ன வீடு. அத்தை டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். என் கண் முதலில் அவர் காலுக்குத்தான் போனது. அகன்ற பாதம், வெடித்த குதிகால்.

“வாங்கய்யா. வாம்மா. நான் அவனுக்கு அத்தை. நீதான் பாட்டு டீச்சரா? அவன் சொல்லுவான்.” டிவியை அமர்த்தினார். “எத்தன மணிக்கு வரணும்? சீல எடுத்து வச்சுட்டேன். வாத்தியாருக்கு வாத்தியாருக்கெல்லாம் பொன்னாடை போடுதாகன்னு போன வருசமே சொன்னான். எனக்கு முட்டுல ஆப்ரேசன், வர முடியல. இந்த வருசம் எப்படியும் வந்துருவேன்.”

செயலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. “கட்டாயம் வாங்கம்மா. நாங்க வந்தது உங்க அண்ணன் போட்டோ ஒண்ணு வாங்கிட்டுப் போலாம்னு. குருவுக்கு மாலை போடணும்ல.”

“யாரு குரு?”

“உங்க அண்ணன்.”

அவர் செயலாளரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “யாரும்மா சொன்னா, எங்கண்ணன் சொல்லிக் குடுத்தாம்னு?”

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். ‘சார், நான் தப்பா எழுதிட்டேன், வாத்தியார் இந்த அம்மாதான்.’ எனக்கு வாய் வரவில்லை. “ஒரு முறைக்கு எழுதியிருக்கும்மா” என்றேன். நான் சொன்னது எனக்கே கேவலமாகக் கேட்டது.

கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். “அவனுக்கு மாலையா? உசுரோட இருக்கும்போதே அவன் ஒரு எடத்துல நிக்க மாட்டான். படத்துலயாவது நிக்கட்டும்.” உள்ளே போய் ஒரு படத்தை எடுத்து வந்தார். ஏதோ ஒரு கொடையில் எடுத்தது. அண்ணன் தவிலோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் தலையில் கரகத்தோடு, காலில் சலங்கையோடு இவர். இருபது வயது இருக்கும்.

செயலாளர் படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “இதுல அவர மட்டும் தனியா எடுத்துப் பெருசாக்கிரச் சொல்லலாம்.”

அந்த அம்மாவின் முன்னாலேயே சொன்னார். அவர்மேல் தப்பில்லை. அவர் என் எழுத்தை நம்பினார்.

விழா அன்று குற்றாலத்தில் நல்ல சாரல். அத்தை வந்திருந்தார். பச்சைச் சேலை, தலையில் பூ. அவர் உட்கார்ந்த வரிசைக்கு அடுத்த வரிசையில், அவருக்குச் சற்றுப் பக்கவாட்டில் எனக்கு இடம் கிடைத்தது. எழுந்து வேறிடம் போகவும் தைரியமில்லை. வயலின் சாரின் குரு, தடியூன்றி வந்த ஒரு பெரியவர், பொன்னாடை வாங்கிக்கொண்டார். கீபோர்டு தம்பிக்குச் சர்ச்சிலிருந்து ஒருவர் வந்திருந்தார். என் குரு வரவில்லை, எப்படி வருவார். ‘வெளியூர்க் கச்சேரி’ என்று நானே சொல்லி வைத்திருந்தேன். பிறகு செயலாளர் மைக்கில் நான் எழுதியதை வாசித்தார். ‘தந்தையாரும் குருவுமாகிய…’ தவில் வாத்தியார் மாலையை வாங்கி, கையை நீட்டி, ஒட்டாமல் நின்று படத்துக்குப் போட்டார். திரும்பி வந்து தவிலை எடுத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. அத்தையும் தட்டினார்.

அவரிடம் தவில் படிக்கும் பிள்ளைகள் வாசிக்க ஆரம்பித்தார்கள். நாற்காலிக்கு அடியில் அத்தையின் கால் அசைவதைப் பார்த்தேன். குதிகால் தரையில், முன்பாதம் மட்டும் ஏறி இறங்கியது. திடீரென்று கால் நின்றது. ஏன் என்று புரியாமல் மேடையைப் பார்த்தேன். ஒரு கணம் கழித்துத்தான் எனக்குக் கேட்டது. மூன்றாவது பிள்ளை பிசகியிருந்தாள். இத்தனை வருஷம் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற என் காதுக்கு வருவதற்கு முன்னால் அந்தக் காலுக்கு வந்துவிட்டது. பிள்ளை சரியாக எடுத்த பிறகுதான் கால் மறுபடி அசைந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் அத்தை என்னைக் கையாட்டிக் கூப்பிட்டார். “இங்கன வா. அந்த மூணாவது பிள்ளைக்குக் குச்சி புடிக்குற கை பிந்துது. அவன்ட்ட சொல்லு.”

“சொல்லுதேன்மா.”

“அந்தப் படத்தப் பாத்தியா? ஓரத்துல என் காலு நிக்குது. சலங்கையோட.” அப்பளத்தை ஒடித்துக்கொண்டே சொன்னார். “ஒழுங்கா அறுக்கக்கூடத் தெரியலையேட்டி ஒங்களுக்கு.”

போய்ப் பார்த்தேன். உண்மைதான். அத்தை தவிலை ஒட்டி நின்றதால் அந்தக் காலை வெட்டினால் தவிலும் போய்விடும். ஸ்டூடியோக்காரர் விட்டுவிட்டார். மாலைக்குக் கீழே அந்த ஒரு கால் நின்றது.

அடுத்த வாரமே ஒரு பொன்னாடை வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கடையத்துக்குப் பஸ் ஏறினேன். அத்தை டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். என் பத்து நாள் முகாமையும் சொன்னேன். அழுகை வந்தது. அவர் அழ விட்டார். முடிந்ததும் பொன்னாடையைப் பிரித்து அவர் தோளில் போடப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

“வீட்டுக்குள்ள, கதவச் சாத்திக்கிட்டுப் போடுததுக்குப் பேரு பொன்னாடையா? நான் ஆடுனது ஊருக்கு முன்னால. நிறுத்துனா ஊருக்கு முன்னால நிறுத்துவேன். தப்பப் பூரா ஊர் பாக்கச் செஞ்சிட்டு, சரி பண்ண மட்டும் திருட்டுத்தனமா வாரியே. கொண்டு போ.”

காபி கொடுத்தார். குடித்தேன். பொன்னாடையை மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  “அவங்க முன்னாலயே அறுக்கச் சொன்னேனே டீச்சர்” என்றார். அன்றே என் சட்டத்தைக் கழற்றி மாற்றி எழுதினேன்: பரீட்சை, பத்து நாள் முகாம், அவ்வளவுதான். படித்துவிட்டு ஒரு அம்மா தன் மகளை நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும். தவில் வாத்தியாரை உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கொடை, கரகாட்டம், துட்டி வீடு, அத்தை, அத்தையின் கால். வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். “இப்பம் சரியா இருக்கு” என்றார். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பொன்னாடை என் மேஜை இழுப்பறைக்குள் கிடக்கிறது. அடுத்த சீசனுக்கு மேடை உண்டு. என்னைத்தான் மைக்கில் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர், நடந்ததை நடந்தபடி. அத்தை வருவார்களா என்று வாத்தியாரிடம் கேட்டேன்.

“அத அவட்ட நீங்கதான் கேக்கணும் டீச்சர்” என்றார்.

கடையத்துக்கு நிமிஷத்துக்கு ஒரு பஸ் இல்லாவிட்டாலும், போக நினைத்தால் பஸ் இருக்கிறது. இன்னும் நான் போய்க் கேட்கவில்லை.