ஆடலாம், ஆனால் மெதுவாக

பீப்பி வெளியிட்ட பதினோரு இசைத்தட்டுகளில் பத்தைப் போட்டால் கால் சும்மா இருக்காது. மீதி ஒன்றைப் போட்டால் கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

பீப்பி என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. பள்ளிக்கூடத்து வாத்தியக் குழுவில் டிரம்பெட் கைக்குக் கிடைத்த அன்று ஒட்டிக்கொண்டது; தலை நரைத்த பிறகும் உதிரவில்லை. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கோணிப்போன சட்டங்களுக்குச் சூடு காட்டி நிமிர்த்துவார், கழன்ற திருகாணிகளை முடுக்குவார். முதலாளிகூட, "பீப்பி, இந்தம்மாவுக்குக் காதுக்குப் பின்னால அழுத்துதாம், என்னன்னு பாருங்க" என்றுதான் கூப்பிடுவார். கடை சாத்தியதும் டிரம்பெட் பெட்டியோடு விருந்து மண்டபங்களுக்குப் போவார். ஒரு பியானோக்காரரும் ஒரு டிரம்ஸ்காரரும் கூட்டாளிகள். மூவரும் ஆரம்பித்தால் சாப்பிட்ட கையைத் துடைக்கவும் மறந்து சனம் எழுந்து ஆடும். பீப்பியின் வாசிப்புக்கு ஒரே குணம்தான். யாரையும் உட்கார விடாது.

இசைத்தட்டுக் கம்பெனி என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மெத்தைக் கடை. அதற்கு மேலே ஓர் அறை. கடைக்காரருக்கு ஆட்டப் பாட்டுகளில் பைத்தியம். வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்க, விற்காத மெத்தைகளைச் சுவரெல்லாம் சாத்தி வைத்திருந்தார். அந்த அறைக்குள் நுழைந்தால் காது அடைத்துக்கொண்டதுபோல இருக்கும். தன் மூச்சு தனக்கே கேட்கும். 'ஆடலாம் வா', 'இன்னும் ஆடலாம்', 'விடாமல் ஆடலாம்' என்று முதல் மூன்றும் அங்கேதான் பதிவாயின. மூன்றும் நன்றாகப் போயின. நான்காவதற்கு நாள் குறித்தார்கள்.

அந்த நாளுக்குச் சற்று முன்னால் பீப்பியின் அண்ணன் வீடு மாறினார்.

அண்ணன் பஸ் ஓட்டுநர். எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. மெதுவாகப் பேசத் தெரியாது. கையை ஆட்டாமல் பேசவும் தெரியாது. அண்ணனும் தம்பியுமாக ஓர் இரும்பு பீரோவைப் படியேற்றினார்கள். அண்ணன் மேலே, பீப்பி கீழே. பாதிப் படியில் அண்ணனுக்கு ஒரு கதை ஞாபகம் வந்தது, வளைவில் ஒரு மாடு குறுக்கே வந்த கதை. மாடு வந்ததும் ஸ்டியரிங்கை ஒடித்துக் காட்ட அவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டன.

பீப்பியின் மேல்வரிசையில் நடு முன்பல் ஒன்று போயிற்று.

டிரம்பெட்டின் வாயை உதடு தாங்க வேண்டும், உதட்டைப் பல் தாங்க வேண்டும். பல் இல்லாத இடத்தில் உதடு உள்ளே போய்விடும். மேல்சுரங்கள் எழும்பாது, காற்று ஓரத்தில் ஒழுகும். கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று பீப்பி கேட்டார். பதிவு இயந்திரம் வாடகைக்கு வந்தது, நாளைக்குத் திரும்பிப் போகிறது என்றார் மெத்தைக்காரர். "சும்மா வாசிங்க. உங்க மூஞ்சியையா ரெக்கார்டு பண்றோம்."

வாசித்தார்கள். அதே ஆட்டப் பாட்டுகள்தான். ஆனால் பீப்பியால் மேலே போக முடியவில்லை. கீழேயே, தூக்கத்தில் யாரோ முணுமுணுப்பதுபோல ஊதினார். ஒவ்வொரு வரியும் பாதியில் மூச்சாக மாறிக் கரைந்தது. டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் தட்டினார். ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. கீழே கடையில் யார் வீட்டுக் குழந்தையோ மெத்தைமேல் குதித்த சத்தமும் பதிவாகிவிட்டது. நீருக்கடியில் யாரோ கதவைச் சாத்துவதுபோல இரண்டாம் பக்கத்தில் அது கேட்கும்.

மெத்தைக்காரர் முழுதும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "என்னய்யா இது, ஆஸ்பத்திரியில ஆடற மாதிரி இருக்கு" என்றார். ஆனாலும் வரிசை விட்டுப்போகக் கூடாதே. 'ஆடலாம், ஆனால் மெதுவாக' என்று பெயர் வைத்தார். யாரும் வாங்கவில்லை. கடைசியில், இரட்டை மெத்தை எடுப்பவர்களுக்கு இலவசம் என்று எழுதிப் போட்டு அத்தனையையும் தள்ளிவிட்டார்.

பீப்பிக்குப் பல் கட்டினார்கள். ஐந்தாவதிலிருந்து பதினொன்றாவதுவரை பழையபடி ஒரே அமர்க்களம். நான்காவதை அவர் வீட்டில் போட்டதே இல்லை. போட்டால் ஓட்டை கேட்கும் என்று நினைத்தார்.

காலம் போயிற்று. மெத்தைக்காரர் இறந்துபோனார். பியானோக்காரரும் டிரம்ஸ்காரரும் ஆளுக்கொரு ஊருக்குப் போனார்கள். பீப்பி கண்ணாடிக் கடையிலேயே இருந்தார்.

ஒருநாள் மத்தியானம், உடைந்த கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். முதலாளி "பீப்பி" என்று குரல் கொடுத்ததும் தலைநிமிர்ந்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மங்கலாகத் தெரிந்த அவரைப் பார்த்தாள்.

"'ஆடலாம், ஆனால் மெதுவாக' பீப்பியா?"

அந்தப் பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி அவர் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"ஆமாம்மா. ஆனா அது சும்மா மெத்தையோட குடுத்தது."

"எங்க வீட்டுக்கும் மெத்தையோடதான் சார் வந்துச்சு."

அவள் அடுத்த தெருவில் பழைய இசைத்தட்டுக் கடை வைத்திருந்தாள். சின்ன வயதில் மத்தியானங்களில் அந்தத் தட்டைச் சுழலவிட்டுத்தான் அவளைப் படுக்கவைப்பார்களாம். ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்குமாம். திரைதான் அந்த வாத்தியத்தை ஊதுகிறது என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாளாம். அதை மறுபடி அச்சிட்டு வெளியிடப் போவதாகச் சொன்னாள். பீப்பி கண்ணாடியைச் சரிசெய்து அவள் முகத்தில் மாட்டிவிட்டார்.

மறுநாள் அவள் அவரைத் தன் கடையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். தட்டின் அட்டையில் எழுதுவதற்காக அலைபேசியைப் பதிவு செய்ய வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மத்த பத்தும் ஒரு மாதிரி, இது மட்டும் வேற மாதிரி. அந்த வருஷம் யாரை இழந்தீங்க, சார்?"

பல்லை, என்றுதான் வாய்வரை வந்தது. ஆனால் அவரிடம் யாரும் இதுவரை இப்படிக் குரல் தாழ்த்திப் பேசியதில்லை. கடையில் "இன்னும் கொஞ்சம் இறுக்குங்க" என்பார்கள். மண்டபத்தில் "வேகமா ஒண்ணு போடுங்க" என்பார்கள். இவளோ பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பல் என்றால் சிரித்துவிடுவாள். சிரித்துவிட்டால் தட்டு வராது.

"அண்ணனை" என்றார்.

அவள் அலைபேசியை அணைத்தாள். "போதும், சார். மேல சொல்ல வேணாம்."

வீட்டுக்கு நடக்கும்போது பீப்பிக்குத் தான் சொன்னது உண்மைபோலவே இருந்தது. சாயங்கால வெயிலில் தெரு பஞ்சு வைத்ததுபோல மெத்தென்று இருந்தது. ஆட்கள் சத்தமில்லாமல் போய்வந்தார்கள். அண்ணன் இல்லாத ஊர் இது என்று எண்ணிப் பார்த்தார். எல்லாம் கொஞ்சம் அழகாகத் தெரிந்தது. அண்ணன் வீட்டு வாசலைத் தாண்டும்போது, "ஃபேனை எவன்டா அணைச்சது?" என்று உள்ளிருந்து அண்ணன் கத்துவது கேட்டது.

ஒரு வாரம் கழித்து அவள் தட்டு உறையின் அட்டை மாதிரியை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தனுப்பினாள். பின்பக்கத்தில், பாட்டுகளுக்குக் கீழே அச்சாகியிருந்தது: 'அண்ணனைப் பறிகொடுத்த ஆண்டில் ஒரு தம்பி விட்ட பெருமூச்சு.' பீப்பி அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் மனைவிக்குச் சலவைக் கடையில் வேலை. துணியைப் போடுமுன் பைகளைத் துழாவிப் பார்ப்பது அவளுக்கு மூச்சுவிடுவது மாதிரி.

"ஏங்க, உங்க அண்ணன் எப்ப செத்தார்?"

பீப்பி காகிதத்தை வாங்கக் கை நீட்டினார்.

"போன ஞாயித்துக்கிழமை வந்து ஒரு பாக்கெட் பிஸ்கட்டைக் காலி பண்ணிட்டுப் போனது யாரு, அவரோட ஆவியா?"

"மாத்திச் சொல்லிடறேன்."

"எப்ப?"

"நாளைக்குத்தான் அச்சுக்குப் போகுது."

"சொன்னா தட்டு வராதுன்னு பயம்."

"வராதுதானே? பல்லுன்னு சொன்னா யாரு மதிப்பாங்க?"

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப அந்த ஓட்டை வாயோடதான் வந்தீங்க. நான் மதிக்கலையா?" என்று சொல்லிவிட்டு அவள் சட்டையை உதறினாள். "தட்டு வரும், வராமப் போகும். அதுக்காக உயிரோட இருக்கிற மனுஷனைக் கொல்றதா?"

அன்று மத்தியானமே பீப்பி அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் காகிதத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார். கோபம் வரும் என்று பீப்பி காத்திருந்தார்.

"எப்படிடா செத்தேன்?"

"அந்தப் பொண்ணு அதைக் கேக்கலைண்ணே."

"கேக்கலையா? ஒரு ஆள் செத்திருக்கான், எப்படின்னுகூடக் கேக்கலையா?"

"போதும்னுட்டா."

"வெறும் பெருமூச்சோட விட்டிருக்க. அழலையா நீ?"

"அண்ணே."

"சரி, எந்திரி. போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்." செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாமனார்னு சொல்லச் சொல்லியிருப்பேன். அவருக்கு ஆட்சேபணை இருந்திருக்காது, அப்பவே போயிட்டாரு."

இசைத்தட்டுக் கடையில் ஆளில்லை. அவள் மட்டும் ஒரு தட்டைத் துணியால் வட்ட வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். பீப்பி வாய் திறக்குமுன் அண்ணன் முந்திக்கொண்டார்.

"வணக்கம்மா. நான்தான் செத்துப்போன அண்ணன்."

துணி நின்றது. அவள் பீப்பியைப் பார்த்தாள். பீப்பி தரையைப் பார்த்துக்கொண்டு பீரோவிலிருந்து ஆரம்பித்தார். மாடு வந்த இடத்தில் அண்ணன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை ஒடித்துக் காட்டினார். பல் கட்டியதுவரை வந்து கதை முடிந்தது. அவள் சிரிக்கவில்லை. அதுதான் பீப்பிக்குக் கஷ்டமாக இருந்தது.

"அப்ப அதுல சோகம்னு ஒண்ணுமே இல்லையா?"

"வலி இருந்துச்சும்மா. உதடு வீங்கியிருந்துச்சு."

"எங்கப்பா போனப்ப நாள் முழுக்க இதைத்தான் போட்டுக்கிட்டே இருந்தேன்" என்றாள். "இவருக்கும் இப்படி ஏதோ ஆகியிருக்கு, ஆனாலும் வாசிச்சிருக்காருன்னு. அது போதும்னு இருந்துச்சு."

 அட்டை வேண்டாம், தட்டும் வேண்டாம், விட்டுவிடு என்று சொல்லிப் போய்விடலாம்போல பீப்பிக்கு இருந்தது.

"அது சரி, அந்தத் தட்டு எங்க?" என்றார் அண்ணன். "நான் அதைக் கேட்டதே இல்லை. நாங்க மெத்தை வாங்கலையே."

அவள் யோசித்துவிட்டு உறையிலிருந்து தட்டை எடுத்து வைத்தாள். ஊசி இறங்கியது. முதலில் வெறும் இரைச்சல், மழை நின்ற பிறகு கூரை சொட்டுவதுபோல. பிறகு பியானோ. பிறகு, பீப்பிக்கு அறிமுகமே இல்லாத யாரோ ஒருவர் மூச்சு விட்டார். அது சுரமாக மாறிற்று.

ஓட்டை கேட்குமென்று அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அது கேட்கவில்லை. ஒவ்வொரு வரியும் பாதியில் கரைந்த இடத்தில் வேறொன்று கேட்டது. பியானோக்காரர் அடுத்த கட்டைமேல் விரலை வைத்துக்கொண்டு அழுத்தாமல் இருந்தார். டிரம்ஸ்காரரின் விரல்கள் தோல்மேல் நகராமல் கிடந்தன. மண்டபங்களில் அவர்கள் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டுதான் வாசிப்பார்கள். யாரும் யாருக்காகவும் நின்றதில்லை. இங்கே இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நிக்கிறாங்க" என்றார் பீப்பி.

"என்ன சார்?"

"எனக்கு மூச்சு வர்றவரைக்கும் நிக்கிறாங்கம்மா. அப்ப எனக்குத் தெரியல. வாய் வலியில எதுவும் தெரியல."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அடுத்த வரி வந்தது, கரைந்தது. இரண்டு பேரும் நின்றார்கள். டிரம்பெட் மறுபடி எழுந்த பிறகுதான் பியானோ இறங்கிற்று.

"ஆமா" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. "ஆமா, நிக்கிறாங்க."

மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, அட்டை மாதிரியின் பின்பக்கத்தில் அந்தப் பெருமூச்சு வரியின்மேல் ஒரு கோடு இழுத்தாள். பியானோக்காரர், டிரம்ஸ்காரர் பெயர்களை அவரிடம் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டாள். மெத்தைக்காரர் அந்த நாளில் அவற்றைப் போட்டிருக்கவில்லை. கோடு இழுத்த வரிக்குப் பதில் எதையும் எழுதவில்லை.

"நாளைக்கே அச்சுக்கு அனுப்பிடறேன், சார். தாமதிச்சா உங்களுக்கு இன்னொரு ஆளு போயிடப் போறாரு."

பீப்பி சிரித்தார். அண்ணனிடமிருந்து சத்தம் இல்லை. நாற்காலியில் அமர்ந்து, கைகள் இரண்டும் மடியில் அசையாமல் கிடக்க, தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. டிரம்பெட் கீழே, மிகக் கீழே எங்கோ போய்க்கொண்டிருந்தது. அவள் அவரைப் பார்த்தாள், பிறகு பீப்பியைப் பார்த்தாள். முகத்தில் கொஞ்சம் கலவரம்.

பீப்பி குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"தூங்கறாரும்மா. சும்மா தூங்கறார்."