கை தூக்காத பெங்குவின்

திரைச்சீலைக் கடையில் அவருக்குப் பெங்குவின் என்று பேர். முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியே இருக்கும். எந்தத் துணியையும் மார்புக்கு மேல் தூக்கிக் காட்டியது கிடையாது. தூக்கினால் அக்குளில் வேர்வைக் குழாய் திறந்துகொள்ளும். சலவைச் சட்டை, கடை ஷட்டர் ஏறுவதற்குள் நனைந்து மானத்தை வாங்கிவிடும். ஆனால் வாய் இருக்கிறதே, அது நாலு கடைக்குப் போதும்.

முதலாளி ஒருநாள் குண்டைப் போட்டார். "திங்கட்கிழமையிலேர்ந்து முன்ஹாலுக்கு வாய்யா. துணிய ஜன்னல்ல தொங்குற மாதிரி தலைக்கு மேல பிடிச்சுக் காட்டணும். முடியாதுன்னா குடோனுக்குப் போ."

குடோனில் மூட்டைகள்தான் துணை. பேச ஆளில்லாவிட்டால் பெங்குவினுக்குச் சோறு இறங்காது.

வேர்வையை அடக்க ஊசி உண்டு என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமை மனைவியோடு தோல் டாக்டரிடம் போனார். டாக்டரம்மா அக்குளில் அயோடின் தடவி, மேலே மாவு தூவினார்.

"வேர்க்கிற இடம் கருநீலமா மாறும். அங்கதான் குத்தணும்."

மூன்று பேரும் பார்த்தார்கள். மாவு மாவாகவே கிடந்தது.

"எதையாவது பூசிட்டு வந்தீங்களா? பூசக் கூடாதுன்னு ஃபோன்லயே சொன்னோமே."

"இல்லையே டாக்டர்."

"பொய்," என்றாள் மனைவி. "டாக்டர்கிட்ட நாத்தத்தோட போறதான்னு, வேர்வ நிக்கிற ரோல்-ஆன் சென்ட்ட சுவத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி அடிச்சுட்டு வந்திருக்காரு."

"அப்போ அடுத்த வாரம் பாக்கலாம்."

பெங்குவின் டாக்டரம்மாவின் மேசையைப் பிடித்துக்கொண்டார். "திங்கட்கிழமை என்னைய குடோன்ல தள்ளிடுவாங்க டாக்டர்."

டாக்டரம்மா மணியைப் பார்த்தார். "சோப்புப் போட்டுக் கழுவிட்டு, வேர்த்து வாங்க. கடைசி ஆளாப் பாக்குறேன்."

கழுவினார். மாடிப்படி ஏறினார், இறங்கினார். முட்டிவலிக்காரியான மனைவி கைப்பையை இடுக்கிக்கொண்டு கூடவே ஏறினாள்.

"நீ உக்காரு. உனக்கு எதுக்கு?"

"நான் உக்காந்தா நீங்களும் உக்காருவீங்க. நடங்க."

திரும்பி வந்து, மறுபடி அயோடின் தடவி மாவு தூவியதும் இரண்டு பக்கமும் கத்திரிக்காய் நிறத்தில் தீவுகள் கிளம்பின. மனைவி மூச்சுவாங்கச் சிரித்தாள். "இவ்வளவு சொத்தா உங்களுக்கு?"

டாக்டரம்மா தீவு முழுக்கப் பொடிப்பொடியாக ஊசி குத்தினார். "உடனே நிக்காது. சில நாள்ல கொறையும், நல்லா அடங்க ரெண்டு வாரம்கூட ஆகும். சில மாசம் தாங்கும், அப்புறம் மறுபடி போடணும்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் தன் அக்குளைத் தொட்டுப் பார்ப்பதும் முகர்ந்து பார்ப்பதுமாக அலைந்தார்.

திங்கட்கிழமை முன்ஹாலில் ஒரு அம்மா பச்சைத் துணியைக் கேட்டார். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெங்குவின் கண்ணை மூடிக்கொண்டு கைகளைத் தூக்கினார். விலாவில் ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்க்கவும் வழியில்லை.

கண்ணைத் திறந்தால் எங்கும் பச்சை. தூக்கிப் பிடித்த துணி அவரைத் தலையிலிருந்து கணுக்கால்வரை மூடியிருந்தது. இத்தனை வருஷம் தூக்காததால் தெரியாமலே போன சங்கதி.

"சரி, எறக்குங்க. அடுத்தது பாப்போம்," என்றார் அந்த அம்மா.

"என்னம்மா அவசரம்," என்றது துணி. "தள்ளி நின்னு இன்னும் கொஞ்சம் பாருங்க."