பதினோரு நாள் கட்டிய வாட்ச்

பெண் பார்க்க வந்த அன்று, அந்தப் பையனின் முகத்துக்கும் முன்பாக என் கண்ணில் பட்டது அவனுடைய இடது மணிக்கட்டு. காபி டம்ளரை எடுக்கக் கையை நீட்டினான். சட்டைக் கை சற்று மேலேறியது. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக, தோல் கருத்துத் தடித்திருந்தது. வாட்ச் இல்லை. வாட்ச் இருந்த இடம் மட்டும் இருந்தது.

தமிழ் நாளிதழ் ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் உதவி ஆசிரியராக வேலை பார்த்தவள் நான். ஒரு செய்தியில் எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே பழகிய கண். "கையில என்ன தம்பி?" என்று கேட்டுவிட்டேன். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வாட்ச் கட்டினதுதான் ஆண்ட்டி. எனக்கு ஸ்டீல் ஒத்துக்காது. நிக்கல் அலர்ஜின்னு டாக்டர் சொன்னாங்க. இப்ப மொபைல்லயே டைம் பாத்துக்கறேன்."

"பெல்ட்டு பக்கிள் பட்டாக்கூட வயிறு செவந்து பூடும் இவனுக்கு" என்றார் அவனுடைய அம்மா. "துணி பெல்ட்டுதான் போடறான்."

அவர்களுக்குத் திருநீர்மலைப் பக்கம்தான் சொந்த ஊர். வயல் இருந்த இடத்தில் இப்போது வாடகைக்கு விட்ட கடைகள் இருக்கின்றன. பையன் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தான். என் மகளுக்கு அவனைப் பிடித்திருந்தது. பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு மாடியில் இருவரும் ஏரியைப் பார்த்தபடி அரை மணி நேரம் பேசிவிட்டு இறங்கி வந்தபோதே அது தெரிந்துவிட்டது.

நிச்சயதார்த்தத் தட்டில் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் வாட்ச் வைப்பது இரண்டு குடும்பத்திலும் உள்ள வழக்கம். "அவருக்குத்தான் ஆவாதே, செயின் போட்டுடலாம்" என்றார் என் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒத்துக்கொள்ளாத உலோகத்துக்குப் பதில் ஒத்துக்கொள்ளும் உலோகம் எது என்று பார்த்தால் தீர்ந்தது. டைட்டானியம் என்று படித்தேன். எலும்பு முறிந்தால் உள்ளே வைத்துத் தைக்கிற பொருள். உடம்பே சும்மா இருக்கும்போது தோல் என்ன சொல்லப்போகிறது.

எங்கள் வசதிக்குள் டைட்டானியம் வாட்சுகள் இருக்கத்தான் இருந்தன. ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் டைட்டானியம் என்று இருக்கும். விவரப் பட்டியலின் அடியில் பின்மூடி மட்டும் ஸ்டீல் என்று இருக்கும். தோலில் படுவதே பின்மூடிதான். வேறொன்றில் பின்மூடியும் டைட்டானியம், ஆனால் பக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு வாரம் இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் உடல், பின்மூடி, பக்கிள் மூன்றும் டைட்டானியம் என்று எழுத்தில் உறுதி தந்த ஒன்றை வாங்கினேன். பேட்டரி இல்லாத ஆட்டோமேட்டிக். கை அசைய அசைய உள்ளே ஒரு அரைவட்டத் தகடு சுழன்று தானே சாவி கொடுத்துக்கொள்ளும். வெள்ளை டயல், மெல்லிய முட்கள், பழுப்புத் தோல் ஸ்ட்ராப். பட்டு வேட்டிக்கும் பொருந்தும், கோட்டுக்கும் பொருந்தும்.

பெட்டியைத் திறந்து கையில் எடுத்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. எடை இல்லை. நிறமும் ஸ்டீல் போலப் பளபளக்காமல், மழைக்கு முந்தைய வானம் மாதிரி மங்கிய சாம்பல். என் கணவர் உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை தூக்கிப் போட்டுப் பார்த்தார்.

"உள்ள மெஷின் வச்சிருக்கானா, மறந்துட்டானா?"

அங்கேதான் நான் ஒரு தப்பைச் செய்தேன். சரிபார்க்காத எதுவும் என் மேஜையை விட்டுப் போனதில்லை. நான்கு பேர் முன்னால் தட்டில் வைக்கப்போகிற ஒன்று நாளைக்குப் பத்து நிமிஷம் பின்னால் ஓடினால் யாருக்கு அவமானம்? கட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"மாப்பிள்ளைக்கு வாங்கினத மாமியார் கட்டிக்கிட்டு திரியறா" என்றார் அவர். "அவங்க வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"நீங்க சொல்லலேன்னா தெரியாது."

பதினோரு நாள் கட்டினேன். தினமும் காலை ஆறரைக்கு மொபைல் நேரத்தோடு ஒப்பிட்டு, பழைய நிருபர் குறிப்பேட்டில் எழுதினேன். கையில் இருந்தால் ஒரு நாளைக்கு ஏழு விநாடி முன்னால் ஓடியது. ராத்திரி டயல் மேலே இருக்கும்படி படுக்க வைத்தால் நான்கு. ஞாயிறன்று கழற்றி வைத்து மறந்துபோனேன், திங்கள் குறிப்பும் விட்டுப்போனது. செவ்வாய் காலை ஐந்து மணி சொச்சத்தில் நின்றிருந்தது. ஆட்டியதும் ஓடியது. மாவு கரைத்தபோதும் பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபோதும் கையில்தான் இருந்தது. நான்காவது நாளிலிருந்து அது இருப்பதே தெரியவில்லை. முதலில் குறையாகப் பட்ட அந்த எடையின்மைதான் அதனுடைய சிறப்பு என்று குறிப்பேட்டில் எழுதினேன். இந்த வாட்சை யார் கேட்டாலும் தயங்காமல் பரிந்துரைப்பேன் என்றும் எழுதினேன்.

பன்னிரண்டாம் நாள் பெட்டியில் வைக்கும்போதுதான் ஸ்ட்ராப்பைப் பார்த்தேன். என் மணிக்கட்டு ஒல்லி. கடைசித் துளையில் போட்டிருந்தேன். அந்த இடத்தில் தோல் மடிந்து, குறுக்கே ஒரு கோடு ஆழமாக விழுந்திருந்தது. விளக்கெண்ணெய் தடவினேன். கனமான அகராதிக்கு அடியில் வைத்தேன். கோடு போகவில்லை. ஒருவர் கட்டிக் கழற்றிய வாட்ச் என்று அது சொன்னது.

நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் இருந்தது. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் மாடிப்படிக்கு அடியில் வாட்ச் ரிப்பேர் கடை ஒன்று உண்டு. அங்கே போனேன்.

"இன்னாக்கா, புது ஸ்ட்ராப்பு மாதிரி கீது, இத்தப் போயி மாத்தறீங்க?" என்றார் கடைக்காரர்.

"மடிப்பு விழுந்திருக்கு. இதே நிறத்துல வேணும்."

அவர் ஏழெட்டு ஸ்ட்ராப்களை எடுத்துப் போட்டார். பழுப்பில் அத்தனை பழுப்பு இருப்பது அன்றுதான் தெரிந்தது. வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அவர் மாட்டித் தந்தார். பழையதை ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நீட்டினார். "இப்ப பாருங்க, கைக்கு வெயிட்டா கீது. அதான் ஸ்ட்ராங்கு." எனக்கும் சற்று எடை கூடியது போலப் பட்டது. புதுத் தோல் தடிமன் என்று நினைத்துக்கொண்டேன். கவரைக் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பில் போட்டேன்.

அச்சுக்குப் போகும் முன் கடைசி நிமிஷத்தில் ஒரு பிழையைத் திருத்தினால், திருத்திய வரியை மறுபடி முழுசாகப் படிக்க வேண்டும். புதுப் பிழை அங்கேதான் நுழையும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கற்றுக்கொண்டது இது.

நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றியதும் பையனின் அம்மா வாட்சைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "இன்னா சம்பந்தி, பஞ்சு மாதிரி கீது?"

"டைட்டானியம் சம்பந்தி. மாப்பிள்ளைக்கு ஒத்துக்கும். தைரியமா கட்டச் சொல்லுங்க."

"புதுசுதானே? சில கடையில கண்ணாடிக்குள்ள வச்சிருந்தத தலையில கட்டிடுவான்."

"சீல் பிரிக்காத பெட்டியில வந்தது" என்றேன். வந்தபோது சீல் பிரிக்கப்படவில்லை என்பது உண்மை. உண்மையான வாக்கியத்தைக் கொண்டு கேள்வியைத் தாண்டிப் போகிறவர்களை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். பையன் எல்லார் முன்னாலும் வாட்சைக் கட்டிக்கொண்டான். வெகுநாளைக்குப் பிறகு வாட்ச் கட்டுகிற ஒருவன் முகத்தில் வரும் சிரிப்பு அவன் முகத்தில் வந்தது.

பன்னிரண்டு நாள் கழிந்தது. ஒரு சனிக்கிழமை, பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறிக் குரோம்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன், தைக்கக் கொடுத்த ரவிக்கைகளை வாங்க. தாம்பரத்தில் வண்டி நின்றபோது சில்லறை தேடிப் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். பிளாஸ்டிக் கவர் கைக்கு வந்தது. பழைய ஸ்ட்ராப், அதன் நுனியில் பக்கிள். மங்கிய சாம்பல். விரலில் வைத்தால் இருப்பதே தெரியவில்லை.

சானடோரியம் தாண்டும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் அவன் கையில் இருப்பது எது என்பதில் சந்தேகமே இல்லை. புது ஸ்ட்ராப்போடு வந்த, கடைக்காரர் ஸ்ட்ராங்கு என்று சொன்ன பக்கிள். இரண்டு வாரம் எந்த மூன்று சொற்களுக்காக நான் தேடினேனோ, அதில் ஒன்றை நானே வெட்டி எடுத்திருக்கிறேன்.

குரோம்பேட்டையில் இறங்கி மகளுக்கு போன் செய்தேன். "மாப்பிள்ளை கை எப்படி இருக்கு?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு எப்படிம்மா தெரியும்? சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு."

அடுத்து நேராக ரிப்பேர் கடைக்குத்தான் போனேன். தப்பிக்க ஒரு வழி இருக்கிறதா என்று பார்க்கத்தான். பழைய பக்கிளை ஒரு மடிப்பில்லாத ஸ்ட்ராப்பில் மாட்டினால், நான் கட்டிய கதையே வெளியில் வராது. கடைக்காரர் அளவு பார்த்தார். "இந்த பக்கிளுக்கு நுனி ஒல்லியா கீற ஸ்ட்ராப்பு வோணும்க்கா. பாரிஸ் கார்னர்லேர்ந்து வரணும். பத்து நாள் ஆவும்." என் கணவருக்கு போன் செய்தேன். "பத்து நாள்தானே, வரட்டுமே" என்றார். "போயி, நான் பதினோரு நாள் கட்டினேன்னு சொல்லப்போறியா? கல்யாணத்துக்கு ஒரு மாசம்கூட இல்ல. அந்தம்மா வாய் தெரியுமில்ல?"

தெரியும். நாளைக்கு என் மகள் அந்த வீட்டில்தான் காலையில் எழுந்திருக்கப்போகிறாள். எச்சில் பண்டத்தைத் தட்டில் வைத்த வீடு என்ற பேச்சு அவளோடு அங்கே போய்ச் சேரும். இன்னொரு பக்கம், பத்து நாள் அந்தப் பையனின் தோல். வாட்சைக் கழற்றி வை என்று மட்டும் சொல்லலாம். ஏன் என்று கேட்பான். ரவிக்கைகளை வாங்காமலே ஆட்டோ பிடித்தேன்.

அவர்கள் வீட்டு வாசலில் நின்றால் திருநீர்மலைக் கோயில் படிகள் தெரியும். பையன் வீட்டில்தான் இருந்தான். "வாங்க அத்தை" என்றான். முழுக்கைச் சட்டை. சனிக்கிழமை மதியம், வீட்டுக்குள், முழுக்கைச் சட்டை.

"கையக் காட்டுங்க மாப்பிள்ளை."

தயங்கினான். அவனுடைய அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு வாட்சைக் கழற்றினான். மணிக்கட்டின் மேல்புறம், பின்மூடி பட்ட இடம், சுத்தமாக இருந்தது. உள்புறத்தில், நாடி பார்க்கிற இடத்தில், பக்கிளின் அளவுக்குச் சதுரமாகச் சிவந்து, ஓரத்தில் நீர் கோத்திருந்தது.

"ஆபீஸ்ல கழட்டி வச்சிடுவேன் அத்தை. நீங்க அவ்வளவு பாத்து வாங்கினீங்க. டைட்டானியமும் எனக்கு ஒத்துக்கல போலன்னு நெனச்சேன். எப்படிச் சொல்றது?"

நின்றபடியே சொன்னேன். பதினோரு நாள் நான் கட்டியது, மடிப்பு விழுந்தது, அதை மறைக்க ஸ்ட்ராப் மாற்றியது, பக்கிள் மாறியது. உட்கார்ந்து சொன்னால் சுற்றி வளைத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. முடித்துவிட்டுக் கவரை மேஜை மேல் வைத்தேன்.

சம்பந்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பழைய ஸ்ட்ராப்பை எடுத்து மடிப்பைப் பார்த்தார். பக்கிளைத் தூக்கிப் பார்த்தார்.

"அன்னிக்கி புதுசான்னு கேட்டனே."

"கேட்டீங்க."

"பெட்டின்னு சொன்னீங்க."

"ஆமா."

அவர் மகனுடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "நேரம் சரியா ஓடுதான்னு பாக்க கட்டினீங்க. சரி. நேரத்துக்கு இன்னா, முன்னப் பின்ன ஓடினா திருப்பி வச்சிக்கலாம். ஆவுதா ஆவாதான்னு பாக்கணும்னா இவன் கையிலல்ல கட்டிப் பாத்திருக்கணும்? உங்க கையில பாத்தா இன்னா தெரியும்?"

என் குறிப்பேட்டில் பதினோரு நாள் விநாடிக் கணக்கு இருந்தது. அவன் தோலைப் பற்றி ஒரு வரி இல்லை.

"இனிமே வாங்கறதுன்னா கூட்டினு போயி வாங்குங்க" என்றார். பிறகு, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பையன் ஒரு ஊக்கின் முனையால் நெம்பி அந்தப் பழைய ஸ்ட்ராப்பையே மாட்டிவிட்டான். "வேற வாங்கித் தரேன் மாப்பிள்ளை, மடிப்பா இருக்கு" என்றேன். "இருக்கட்டும் அத்தை. என் கைக்கு நாலாவது துளைதான்." புண் ஆறும்வரை கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கல்யாணத்தன்று வரவேற்பில் அதைக் கட்டியிருந்தான். சிவப்பு வடிந்து வெளிர்பழுப்பாகியிருந்தது. புதிதாக எதுவும் இல்லை. மேடைக்கு அருகில் சம்பந்தி தன் தங்கையிடம் மகனுடைய கையைத் திருப்பி, கடைசித் துளைக் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது.

"இது சம்பந்தி பதினோரு நாளு கட்டிப் பாத்து குடுத்தது" என்றார்.

குத்திச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று குரலை வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை. தங்கை வாட்சை விரலால் தூக்கிப் பார்த்து, "வெயிட்டே இல்லையேக்கா" என்றார்.

"அது அப்டித்தான்" என்றார் சம்பந்தி. "அந்த மெட்டலு அப்டி."