லூசியானாவில் அக்கா திறந்த ஜன்னல்கள்

நீல எனாமல் பூசிய சின்னக் கிண்ணம் அது. விளிம்பில் ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்து உள்ளே கறுப்பு இரும்பு தெரியும். ஒஸ்லோவில் அக்கா குடியிருந்த ரொம்மன் பகுதி அடுக்குமாடி வீட்டில், படுக்கையறை வெப்பமூட்டியின் மேல், குளிர்காலம் முழுவதும் அந்தக் கிண்ணம் தண்ணீரோடு இருக்கும். படுக்கப் போகுமுன் அக்கா அதை நிரப்பி வைப்பாள். விடிந்து பார்த்தால் அடியில் ஒரு வெள்ளை வளையம் மட்டும் மிஞ்சியிருக்கும். "இஞ்சத்தைக் காத்துக்கு எங்களைவிடத் தாகம், பாரன்" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் குழாயடிக்குப் போவாள். இப்போது அந்தக் கிண்ணம் என் வீட்டில், என் வெப்பமூட்டியின் மேல் இருக்கிறது.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. எங்கள் ஊரான மன்னாரில் அது வந்து போகும் விருந்தாளியாக இருந்தது. நோர்வேயின் வறண்ட குளிரில் குடும்பத்தில் ஓர் ஆளாகவே ஆகிவிட்டது. தை மாதத்தில் ரயில் நிலையத்திலிருந்து வீடுவரை ஏறிவரும் பாதையில் அவள் இடையிடையே நின்று, வாயை மூடிய கம்பளிச் சால்வைக்குள் மூச்சைத் தேடுவாள். யாராவது பார்த்தால் சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டுவதுபோலக் குனிந்துகொள்வாள். கௌரவத்துக்குக் குறைச்சலில்லை. மூச்சுத்தான் போதவில்லை.

அவள் வேலை பார்த்தது ஒரு குழந்தைகள் காப்பகத்தில். பிள்ளைகளை வண்டிலில் போட்டு, கம்பளியால் மூடி, பனிக்குள் வெளியே நித்திரையாக்குகிற நாடு இது. முதல் தடவை அதைப் பார்த்தபோது அக்கா, "பெத்த தாய் கண்டால் அடிக்கமாட்டாளோ?" என்று கேட்டாளாம். சில வருடங்களில் அவளே அந்த மதத்தில் சேர்ந்துவிட்டாள். கொட்டும் பனியிலும் காலையில் எழுந்ததும் எல்லா ஜன்னல்களையும் விரியத் திறந்து வீட்டுக்குக் காற்றுக் காட்டுவாள். போர்வைகளை பல்கனிக் கம்பியில் போட்டு உதறுவாள். பூட்டிய அறையில் படுக்கவே மாட்டாள். படுக்கையறை ஜன்னல் ஒரு விரல் இடைவெளியிலாவது திறந்திருக்க வேண்டும். "ஜன்னல் திறக்காத வீடும் முகம் கழுவாத ஆளும் ஒண்டு" என்று எனக்குப் பாடம் எடுப்பாள். உண்மையாகவே இங்கே அது பலன் தந்தது. குளியலறை மூலையில் பூத்த கறுப்புப் புள்ளிகள் அந்தக் குளிர்காற்றில் காய்ந்து மறைந்தன. ஜன்னலைத் திறந்தால் பூஞ்சணம் போகும் என்பது அவளுக்கு ஞாயிறு பூசை மாதிரி நிச்சயமான விஷயமாகிவிட்டது.

அத்தான் எண்ணெய்க் கம்பனி ஒன்றில் பொறியியலாளர். முதலில் ஸ்தவாங்கரில், பிறகு ஒஸ்லோ அலுவலகத்தில். அவருக்கு ஒருநாள் அமெரிக்காவின் லூசியானாவுக்கு மாற்றம் வந்தது. கேஜன்காரர்களின் நாட்டுப்புறம் அது. பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்த கத்தோலிக்கச் சனம். சதுப்பு நிலம், ஆறு, இறால், நண்டு, வேர்வை. போவதா விடுவதா என்று அந்த வீட்டில் ஒரு மாதம் நடந்த வழக்கை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அத்தான் நன்மைகளை எடுத்து வைப்பார்: வெக்கை, ஈரக்காற்று, சோறு தின்னும் சனம், வெண்டிக்காய் போட்டுக் கொதிக்க வைக்கிற குழம்பு, தெருவுக்கொரு மாதா கோயில். அக்கா குறைகளை எடுப்பாள்: புயல், வெள்ளம், முதலை, காசில்லாமல் உள்ளே விடாத ஆஸ்பத்திரி, தமிழில் ஒரு வார்த்தை கதைக்க ஆளில்லாமை. சாப்பாடு முடிவதற்குள் இருவரும் கட்சி மாறிவிடுவார்கள். "முதலையையும் ஒருக்கால் பாப்பம் எண்டு நினைக்கிறன்" என்பாள் அக்கா. "வெள்ளம் வந்தால் நீர் நீந்துவீரோ?" என்று அத்தான் பயப்படத் தொடங்குவார்.

கடைசியில் தராசைச் சாய்த்தது அவளுடைய மூச்சுத்தான். ஈரமும் சூடும் உள்ள இடம் உங்களுக்கு ஒத்துப்போகலாம் என்று இங்குள்ள டொக்டரும் சொன்னார். அக்கா போவது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஊரில் எனக்கிருந்த ஒரே இரத்த உறவு அவள். ஆனால் அந்த ஏற்றத்தில் அவள் நின்று நின்று வருவதைக் கண்ட எவரும் போகாதே என்று சொல்லியிருக்க மாட்டார்கள். புறப்படும் நாளில் கிண்ணத்தை என் கையில் தந்தாள். "இனி எனக்கு இது வேண்டாமடி. அங்கை காத்திலையே தண்ணி இருக்காம்."

முதல் வருடம் அவளுடைய குரலே மாறிப்போனது. வசனத்தின் நடுவில் மூச்சு வாங்க நிற்காமல் ஒரே மூச்சில் பேசினாள். நான்தான் குறுக்கிட வேண்டியிருந்தது. விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை, அழுகை வந்துவிட்டது என்றாள். "எங்கடை ஊர்க் காத்தடி. ஈரத்துணி மாதிரி முகத்திலை ஒட்டுது." பக்கத்து வீட்டுக் கேஜன் கிழவி அண்டா நிறைய நண்டு அவித்து மேசையில் பேப்பர் விரித்துக் கொட்டியதையும், அக்கா ஓடு உடைத்த வேகத்தைப் பார்த்து அவர்கள் வாய் பிளந்ததையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. பனியைச் சுரண்டிக்கொண்டு நான் இங்கே. நண்டை உடைத்துக்கொண்டு அவள் அங்கே.

இரண்டாம் வருடம் அவள் சொன்ன செய்திகளை இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். போத்தலில் உப்புக் கசிந்து கட்டியாகிவிட்டது, மன்னாரில் போலவே குலுக்கக் குலுக்க விழுவதில்லை என்று ஒருநாள். புத்தக அட்டைகள் சுருள்கின்றன என்று ஒருநாள். அலுமாரியைத் திறந்தால் மாரிகாலத்தில் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் வந்த அதே மணம் வருகிறது, சீலைகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன் என்று இன்னொருநாள். அதைச் சொல்லும்போது அவளுக்குத் தொண்டை அடைத்தது. சந்தோஷத்தில் அடைத்ததாகவே நான் நினைத்தேன்.

அங்கேயும் அவள் ஜன்னல்களைத் திறந்தாள். காலையில் எல்லாவற்றையும் விரிய. இரவில் படுக்கையறையில் ஒரு விரல் இடைவெளி. அத்தானோ அத்தனை வருட நோர்வேக் குளிருக்குப் பழகிய உடம்போடு வெக்கை தாங்காமல் ஏசியை உச்சத்தில் வைத்தார். உள்ளே குளிர்ந்த சுவர். வெளியே வெந்நீர் போன்ற காற்று. பக்கத்து வீட்டுக் கிழவி வேலிக்கு மேலால் எட்டி, ஏசி பழுதா, என் மகனை அனுப்பட்டுமா என்று கேட்டாளாம். பல தடவை கேட்டிருக்கிறாள். அக்கா அதைப் பகிடியாக எனக்குச் சொன்னாள். "நல்ல காத்தின்ரை அருமை தெரியாத சனமடி. வீட்டைப் போத்தல் மாதிரி மூடி வைச்சிருக்குதுகள்." இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பிறகு இருமல் வந்தது. ஏசிக் காற்றுத்தான் காரணம் என்று அத்தானோடு சண்டை பிடித்தாள். காரணம் பிடிபட்டதும் மருந்தும் அவளுக்குத் தெரிந்திருந்தது: ஜன்னல்களை இன்னும் கூடுதலாகத் திறந்தாள். மாதத்துக்கு மாதம் அவளுடைய வசனங்கள் குறுகின. நான் விமானம் ஏறிப் போனபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தாள், படுத்தால் மூச்சில்லை. என்னைக் கண்டதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எடியே... இந்த அறை ஜன்னலை... ஒருக்கால் திறந்து விடன்." அது திறக்கிற ஜன்னலே அல்ல, கண்ணாடியை அப்படியே சுவரில் பதித்திருந்தார்கள். நான் கைப்பிடியைத் தேடித் தடவியதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரத்துக்குள்ளேயே போய்விட்டாள்.

அடக்கத்துக்கு முதல்நாள் அவளுக்கு உடுத்த நல்ல சீலை எடுக்கப் போனோம். அலுமாரி மரம் ஈரத்தில் ஊதிக் கதவு இறுகியிருந்தது. அத்தான் பலமாக இழுக்க அலுமாரியே சுவரைவிட்டு நகர்ந்தது. பின்னால் சுவர் முழுவதும் கறுப்பு. கரித்துண்டால் பூசியதுபோல, தொட்டால் மென்மயிராக ஒட்டுகிற கறுப்புப் பூஞ்சணம், கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால்வரை போயிருந்தது. ஈரம் குடித்த காகித அட்டை போன்ற மெல்லிய சுவர். மன்னாரில் ஓட்டுக்கூரைக்குக் கீழால் காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகும். இந்தப் பெட்டிக்குள் வந்த ஈரக்காற்று, போக வழியில்லாமல், ஏசியில் குளிர்ந்த சுவரில் தண்ணீராகப் படிந்திருக்கிறது. சாப்பாடு கொண்டுவந்த கிழவி வாசலில் நின்று அதைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். இங்கே யாரும் ஜன்னல் திறப்பதில்லையே, ஏசி திருத்த வசதியில்லை என்றல்லவா நினைத்தேன், உங்கள் மானம் போகக்கூடாதென்று மேலே கேட்கவில்லை என்று சொல்லி அழுதாள். அவளுடைய மரியாதை மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மரியாதை கெட்ட ஒருத்தி பக்கத்து வீட்டில் இருந்திருந்தால் என் அக்கா பிழைத்திருப்பாள். அலுமாரிக்குள்ளிருந்து அக்கா சொன்ன அதே மாரிகால மணம் வந்தது. எனக்கும் அது வீட்டு மணமாகத்தான் பட்டது. அதுதான் இன்னமும் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

அந்த மண்ணில் தோண்டினால் தண்ணீர் ஊறும் என்பதால் சவப்பெட்டியை நிலத்துக்கு மேலே கல்லறை கட்டி வைக்கிறார்கள். நவம்பரில், ஆத்துமாக்கள் திருநாளுக்கு, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து மெழுகுதிரி கொளுத்துகிறார்கள், மன்னாரில் நாங்கள் செய்வதைப் போலவே. நன்மைகளின் பட்டியலில் அத்தான் சேர்க்க மறந்த ஒன்று. நோர்வேக்கே திரும்பி வாருங்கள் என்று அத்தானை எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "அவவை ஆரிட்டை விட்டிட்டு வாறது, பிள்ளை?" என்கிறார். சுவர்களை மாற்றி, ஜன்னல்களை ஒட்டி அடைத்து, அந்த வீட்டிலேயே இருக்கிறார். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிற இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறார். தொலைபேசியில் அவருடைய குரலுக்குப் பின்னால் அது உறுமிக்கொண்டே இருக்கும். அதன் வாளி ஒவ்வொரு நாளும் நிறையுமாம்; தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் ஊற்றுவாராம். இத்தனை தண்ணீருக்குள்ளா அவள் மூச்சு விட்டாள் என்று ஒருநாள் கேட்டார். போவதா விடுவதா என்ற அந்த வழக்கை நான் இன்னமும் தனியாக நடத்திக்கொண்டிருக்கிறேன். போயிருக்காவிட்டால் இங்கே ஏதோ ஒரு தை மாதத்தில் அந்த ஏற்றத்திலேயே விழுந்திருப்பாள் என்று ஒரு பக்கம் சொல்கிறது. விழுந்தாலும் நான் ஓடிப்போய்த் தூக்கியிருப்பேனே என்கிறது மறுபக்கம். எந்தப் பக்கம் வென்றாலும் அவள் வரப்போவதில்லை.

இன்று காலையும் கிண்ணம் காய்ந்து கிடந்தது, அடியில் அதே வெள்ளை வளையம். நிரப்பி வைத்துவிட்டு, அவள் பழக்கிவிட்டபடி ஜன்னலை விரியத் திறந்தேன். பனிக்காற்று உள்ளே வந்தது. வறண்ட, சுத்தமான காற்று. இங்கே இதுதான் சரி. அப்போது தொலைபேசி அடித்தது. அங்கே இரவு, அத்தானுக்கு இப்போதெல்லாம் நித்திரை இல்லை. இயந்திரத்தின் உறுமலுக்கு மேலால், எப்போதும் முதலில் கேட்பதையே கேட்டார். "பிள்ளை, ஜன்னலெல்லாம் பூட்டித்தானே கிடக்கு?"

திறந்த ஜன்னலின் கைப்பிடி என் கையில் சில்லிட்டது. "ஓம் அத்தான், பூட்டியிருக்கு" என்றேன்.