ஆறு அங்குலம் கூடிப்போன மேஜை

என் தங்கை புருஷனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டையில் தேடினால் கிடைக்கும். தெருவுக்கு அவன் 'சரிங்க'தான். யார் என்ன சொன்னாலும் அந்த ஒரு வார்த்தைதான் பதில். நாளைக்கே கட்டில் வேண்டும் என்றாலும் சரிங்க, கட்டிலுக்கு மூன்று கால் போதும் என்றாலும் சரிங்க. மறுத்துப் பேசுகிற நரம்பை வைக்காமலே பெற்று அனுப்பிவிட்டார்கள் போல.

அவன் தச்சன். நான் அதே பட்டறையில் பாலீஷ் போடுகிறவன். அவன் தலையாட்டித் தலையாட்டி வாங்கி வரும் வம்புகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்புவது என் பிழைப்பு. "நானா இருந்தா முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன் மாப்ள" என்று அவனிடம் சொல்லாத நாள் கிடையாது. அதற்கும் "சரி மச்சான்" என்பான். இப்படி ஒருவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

பட்டறைக்குப் பின்னால் வீடு. என் தங்கை அங்கே துணி தைக்கிறாள். தைப்பது மெஷினில், வெட்டுவது தரையில். முட்டி போட்டுக் குனிந்து வெட்டி வெட்டி முழங்கால் இரண்டும் போயே போய்விட்டன. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் காணாத கீல் மாதிரி ஒரு சத்தம் போடுவாள். நின்றபடி வெட்ட ஒரு மேஜை செய்து தாருங்கள் என்று, மகளுக்குப் பால்பல் விழுந்த காலத்திலிருந்து புருஷனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். ஒவ்வொரு முறையும் அவன் சரி என்றுதான் சொன்னான். ஒவ்வொரு முறையும் அவளுக்கென்று எடுத்து வைத்த பலகையை வேறு யாராவது வந்து கேட்டார்கள். அவர்களுக்கும் சரிங்க.

இந்தத் தடவை டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: இனித் தரையில் உட்கார்ந்தால் நடையை மறந்துவிட வேண்டியதுதான். தங்கை வீட்டுக்கு வந்ததும் புருஷனை நிறுத்தி வைத்துப் பேசினாள்.

"இந்த மழை விடறதுக்குள்ள மேஜை வரணும். வரலன்னா மெஷின வித்துட்டு மூலைல உக்காந்துடுவேன். அப்புறம் நாள் முழுக்க உங்ககூட பேசறதுதான் எனக்கு வேலை. யோசிச்சுக்கோங்க."

"சரி" என்றான். அவள் இஞ்ச் டேப்பை அவன் மேல் வீசினாள். ஊசியும் நூலும் இல்லாமல் என் தங்கையை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது.

அந்த வாரம்தான் வக்கீல் வந்து சேர்ந்தார். சாப்பாட்டு மேஜை வேண்டுமாம். சதுரமாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் முழுக்க அவருக்கு மட்டும். "வீட்டுத் தலைவன் எங்க உக்காந்திருக்கான்னு பாத்ததும் தெரியணும்பா."

"சரிங்க."

அறையை அளக்கப் போன இடத்தில் வக்கீலின் மனைவி இவனைத் தனியாக ஓரம் கட்டினார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. மேஜை வட்டமாகத்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். "வட்டத்துக்குத் தலைமாடு கிடையாது பாரு. அவர்கிட்ட இப்ப சொல்லாத. வந்தப்புறம் நான் பாத்துக்கறேன்."

"சரிங்க."

பணம் வேலை முடிந்த பிறகுதான் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு என்ன பதில் சொன்னான் என்று நான் எழுத வேண்டியதில்லை.

வேறொருவனாக இருந்தால் தூக்கம் போயிருக்கும். இவன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு மூன்று நாள் பலகையையே பார்த்தான். பிறகு வேலையைத் தொடங்கினான். நடுவில் ஒரு சதுரம். அதன் நான்கு பக்கமும் பிறை வடிவில் நான்கு மடிப்புப் பலகைகள், கீல் போட்டு. பலகைகளைத் தொங்கவிட்டால் சதுரம். தூக்கி நிறுத்தி, அடியிலிருந்து சட்டத்தை இழுத்து முட்டுக் கொடுத்தால் முழு வட்டம். ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை, ஆனாலும் வேலை அபாரம். பாலீஷ் போடும்போது எனக்கு முதுகே வலிக்கவில்லை. ஏன் என்று யோசிக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

கணவனும் மனைவியும் சேர்ந்தே பார்க்க வந்தார்கள். வக்கீல் பலகைகளை இறக்கிவிட்டுப் பூரித்தார். தலைமையாசிரியை ஏற்றிவிட்டுப் பூரித்தார். அவர் இறக்கினார், இவர் ஏற்றினார். கீல் எவ்வளவு உறுதி என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அப்புறம் யார் யாருக்குத் தெரியாமல் என்ன சொன்னார்கள் என்ற விசாரணை நடந்தது. நடுவில் மூச்சு வாங்க நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் தலைமையாசிரியை. மேஜை அவர் கழுத்துக்கு வந்து நின்றது.

"என்னப்பா இது, சாப்பிடறதா நீச்சல் அடிக்கறதா?"

அளந்து பார்த்தேன். சாப்பாட்டு மேஜைக்கு இருக்க வேண்டிய உயரத்தைவிட ஆறு அங்குலம் கூடுதல். இத்தனை வருஷம் உளி பிடித்தவன் கால் உயரத்தில் கோட்டை விட்டிருக்கிறான். எனக்கு மானம் போயிற்று. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தார்கள், அவர்கள் கல்யாணத்திலேயே அது முதல் தடவையாக இருக்கலாம்: இந்த மேஜை வேண்டாம், கடையில் ரெடிமேடாக வாங்கிக்கொள்கிறோம். இவன் சரிங்க என்றான். அந்தச் சரிங்கவில் ஒரு உற்சாகம் இருந்ததாக எனக்கு இப்போது தோன்றுகிறது.

அன்றைக்கே தங்கை வந்து மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "தூக்குங்க" என்றாள். நானும் அவனும் தூக்கிக்கொண்டு போய் அவள் அறையில் போட்டோம். பலகைகளை ஏற்றி, குடைப் பாவாடைக்கு வட்டம் வெட்டினாள். இறக்கிவிட்டுச் சட்டைக்கு வெட்டினாள். குனியவில்லை, சுவரைப் பிடிக்கவில்லை, கீல் சத்தமும் இல்லை. மழை விட்டது. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போனால் பெரிய மனிதர்களுக்குப் பொறுக்குமா? வக்கீலும் மனைவியும் திரும்ப வந்தார்கள். ரெடிமேட் மேஜை குழம்புக் கிண்ணம் வைத்தாலே ஆடுகிறதாம். இதற்குள் அவர்களுக்குள் ஒப்பந்தமும் ஆகிவிட்டது: வார நாளில் சதுரம், ஞாயிற்றுக்கிழமை வட்டம். உள்ளே வரும்போதே ஒரு ரம்பம் எடுத்து வா என்று வக்கீல் என்னிடம் சொன்னார். எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர்கள் கேட்டால் கொடுப்பதுதானே மரியாதை.

தங்கை மேஜை மேல் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நாலு கால்லயும் ஆறு அங்குலம் அறுத்துட்டு நாளைக்கு வண்டியில ஏத்திடு" என்றார் வக்கீல்.

கத்தரி துணியின் நடுவில் நின்றது. அவள் தலையைத் தூக்கவில்லை. பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் உதடு 'ச' சொல்வதற்கு ஏற்கெனவே பிரிந்திருந்தது. இந்த வீட்டில் அந்த வார்த்தையை ஆயிரம் முறை கேட்டுச் சிரித்தவன் நான், அன்றைக்கு மட்டும் அது வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"முடியாதுங்க" என்றான்.

சொன்னவனே பயந்துபோய் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"உயரம் தப்பாப் போச்சுன்னு நீதானேப்பா ஒத்துக்கிட்ட?"

"தப்பு இல்லீங்க. அவ இடுப்புக்கு அளவெடுத்து வெச்ச உயரம். பலகையும் அவளுக்குன்னு எடுத்து வெச்சதுதான். உங்களுக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வரல. கால உசத்தி வெச்சா நீங்களே வேணாம்னுடுவீங்கன்னு நெனச்சேன்."

தங்கை இப்போது தலையைத் தூக்கிப் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கடைசியாகப் பார்த்தது அவள் கல்யாணத்தன்று.

வக்கீலுக்கு முகம் சிவந்தது. இவனோடு பேசிப் பயனில்லை என்று என் பக்கம் திரும்பினார். கனமான குரல், கோர்ட்டில் பழகின குரல்.

"நீ வெவரமான ஆளு. மூத்தவன். ரம்பமும் உன் கைலதான் இருக்கு. நீயே அறுத்துக் குடுத்துடு."

"சரிங்க" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் வந்து என் கையிலிருந்த ரம்பத்தை மெதுவாக வாங்கிக்கொண்டான். "விடுங்க மச்சான், முதல்ல அப்படித்தான் வரும்" என்றான். வக்கீலை அவனே வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

விஷயத்தைத் தெருவில் பரப்பியது என் தங்கைதான். யாராவது பாலீஷ் வேலைக்கு ஆள் கேட்டு வந்தால், "'சரிங்க' அண்ணன் பட்டறையில இருக்காரு, என்ன சொன்னாலும் செய்வாரு" என்று வழி காட்டுகிறாள், கத்தரியைக் கீழே வைக்காமல், நின்றுகொண்டே.