அரையிறுதி வரைக்கும் தாடி

எங்கள் ராஜபாளையத்தில் கல்யாணமான ஆம்பளை ஒருத்தர் தாடி வளர்த்தால் ஊர் அவர் முகத்தைப் பார்க்காது, அவர் பெண்டாட்டியின் வயிற்றைத்தான் பார்க்கும். கார்த்திகை மாதமென்றால் மாலை போட்டிருக்கிறார் என்று விட்டுவிடுவார்கள். கல்யாணமாகாத பையனென்றால் எவளோ ஏமாற்றிவிட்டாள் என்பார்கள். இரண்டும் இல்லையென்றால் வேறென்ன, வீட்டில் விசேஷம். பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக் கூடாது. எங்களைப் போன்ற கிறிஸ்தவ வீடுகளுக்கு இதெல்லாம் கிடையாது என்று சபையில் பிரசங்கம் நடக்கும். பிரசங்கம் முடிந்து வெளியே வருகிறவர்களில் யாருக்குப் புதிதாகத் தாடி முளைத்திருக்கிறது என்று பார்ப்பதும் நடக்கும்.

என் வீட்டுக்காரர் தாடி வளர்த்தது ஹாக்கிக்காக. சத்தியமாக அதற்காகத்தான். எங்கள் தெருவில் இன்றைக்குச் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

அவர் நூல் மில்லில் ஃபிட்டர். படிக்கிற காலத்திலிருந்தே ஹாக்கியில் கோல் கீப்பர். நாற்பதை நெருங்கிவிட்டார், முட்டி வலிக்கிறது என்று ராத்திரியெல்லாம் தைலம் தேய்ப்பார், ஆனால் சனிக்கிழமை வந்தால் காலில் பேடைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருடைய அணியில் மில்காரர்கள் பாதி, மீதிக்கு ஒரு பஸ் கண்டக்டர், ஒரு பி.டி. வாத்தியார், காலேஜ் பையன்கள் நாலைந்து பேர். அந்த வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போட்டி வைத்தார்கள். தோற்றால் வெளியே. ஆட்டம் வார விடுமுறையில் மட்டும் என்பதால் இழுத்துக்கொண்டே போனது.

அணியில் இருந்த சின்னப் பையன் ஒருத்தன் போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறான். குளிர் தேசத்தில் பனிக்கட்டி மேல் ஹாக்கி ஆடுகிறவர்கள் இந்த மாதிரி ஆட்டம் ஆரம்பித்துவிட்டால் தோற்கிறவரைக்கும் சவரம் செய்ய மாட்டார்களாம். பொட்டல் மண்ணில் புழுதி குடித்து ஆடுகிற நம்ம ஆட்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. வாத்தியார் முதற்கொண்டு எல்லோரும் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார்கள். இவர் வந்து என்னிடம் சொன்னபோது, சரி, பிளேடு காசு மிச்சம் என்று மட்டும் சொன்னேன்.

வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை. அப்போது எனக்கு எதுவுமே தோன்றாது. நான் பேண்டேஜ் துணி மடித்துக் கட்டுகிற யூனிட்டில் மேற்பார்வை பார்க்கிறேன். குழந்தைக்காக நாங்கள் வைத்தியம் பார்த்துவந்த மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தபோது கையில் ரோல் இருந்தது. "நெகட்டிவ்மா, டாக்டர வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். சரி சிஸ்டர் என்றேன். ரோலை எடை போட்டேன். மத்தியானம் தயிர்ச் சோறும் மாங்காய் ஊறுகாயும் சாப்பிட்டேன், ருசிகூட நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் இவரிடம் சொன்னேன். பின்கட்டில் பேடைக் கழுவிக்கொண்டிருந்தார். ம் என்றார். கழுவி முடித்துக் கொடியில் போட்டுவிட்டு வந்தார். அதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் நம்முடைய கன்னம் மாதிரி இருக்காது. எனக்கு உடம்பு மொத்தமும் அப்படி இருந்தது.

அதற்கு முந்தைய தடவை கரு நின்றது. டாக்டரம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்று மாதம் முடிகிறவரை வெளியே மூச்சு விடக் கூடாது என்று இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தோம். அத்தையிடம், அதாவது இவருடைய அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சில வாரங்களில் அது போய்விட்டது. வந்ததையே சொல்லாதபோது போனதை எப்படிப் போய்ச் சொல்வது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒங்கள ஜெபத்துல வச்சிருக்கோம், கர்த்தர் காலம் தாழ்த்த மாட்டார் என்றார்கள். ஆமென் என்றேன். வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்தேன்.

தாடி கறுகறுவென்று வளர்ந்து கழுத்தைத் தொட ஆரம்பித்தபோது முதலில் கிளம்பியது எதிர் வீட்டு அக்காதான். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பம். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். கையில் நேரம் கிடக்கிறது, சும்மா போகிற வம்பை விலை கொடுத்து வாங்குவார். மாசா மாசம் என்னைப் பார்த்து, என்ன, ஏதாவது உண்டா என்று கேட்டுக் கேட்டு, அவர் தலை தெரிந்தால் நான் கதவைச் சாத்திக்கொள்கிற அளவுக்கு ஆகியிருந்தது. அன்றைக்குத் தெருக்குழாயில் குடத்தை நிறைத்து இடுப்பில் தூக்கினேன். ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார். இனிமேல் நீ குடத்தைத் தொடக் கூடாது என்றார்.

எனக்குப் புரியச் செத்த நேரம் ஆனது. புரிந்ததும், "யக்கா, அது ஹாக்கிக்கு வளக்காவ. மேட்ச் முடிஞ்சதும் எடுத்துருவாவ" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். "சரி, ஹாக்கிக்கே இருக்கட்டும். மூணு மாசம் கழியட்டும், அதுவரைக்கும் நானும் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார்.

என்னத்தைச் சொல்ல. இல்லை என்று சொல்லச் சொல்ல ஊருக்கு உறுதியாகிக்கொண்டே போனது. ஆமாம் என்றிருந்தால்கூட ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பார்கள். யூனிட்டில் எனக்கு நாற்காலி வந்தது. தெருமுனை ஆட்டோக்காரர் பள்ளத்தில் பூப்போல இறக்கி ஏற்றினார். சேத்தூரிலிருந்து வேலைக்கு வருகிற பெண் ஒருத்தி, எதுவும் கேட்காமல், ஒரு பை நிறைய நார்த்தங்காய் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். எனக்குக் கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. நார்த்தங்காயை ஊறுகாய் போட்டேன்.

ஒரே ஒரு பயம் மட்டும் இருந்தது. அத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக இருக்கிறார். ஆட்டம் முடிந்து இவர் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதுதான் வழக்கம். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அத்தை என்னை ஒரு சொல் குத்திப் பேசியதில்லை. பேசியிருந்தால் நானும் நாலு பேசி ஆறிப்போயிருப்பேன். ஒன்றும் சொல்லாமல், நான் போகும்போதெல்லாம் என் முகத்தை மட்டும் பார்ப்பார். இந்தத் தாடியைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்து, பிறகு நான் மறுபடி அவர் முன்னால் போய் நின்று இல்லை என்று சொல்லும்படி ஆகிவிடக் கூடாது. அதை மட்டும் என்னால் தாங்க முடியாது என்று தெரிந்தது.

ஆகிவிட்டது. ஒருநாள் அத்தை போன் செய்தார். விசேஷமா என்று கேட்கவில்லை. பஸ்ஸில் அலையாதே, நானே பொறவு வாரேன், வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கேன் என்றார். எதற்கு உபவாசம் என்று நான் கேட்கவில்லை.

கால் இறுதியிலும் ஜெயித்துத் தொலைத்தார்கள். அரையிறுதி நடக்க வேண்டிய வாரம் ஆடிப்பூரத் தேர். வெளியூர் வண்டிகளை நிறுத்த மைதானம் வேண்டும் என்று ஆட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். தாடி இன்னும் வளர்ந்தது. இவரிடம் சொன்னேன், எடுத்துவிடுங்கள் என்று. எல்லோரும் வைத்திருக்கும்போது நான் மட்டும் எடுத்து, ஆட்டமும் தோற்றுப்போனால் என் தலையில்தான் விடியும் என்றார். அத்தையிடம் யார் சொல்வது என்றேன். நான் சொல்லிட்டேன், ஹாக்கிக்குத்தான்னு அம்மாட்ட சொன்னேன், அவ நம்பலேன்னா நான் என்ன செய்ய என்றார். அதுவும் நியாயம்தான்.

பிறகு ஒருநாள் யூனிட்டில் ஒருத்தி சொன்னாள். மில் வாசல் டீக்கடையில் யாரோ இவரிடம், என்னண்ணே, விசேஷமா என்று கேட்டிருக்கிறார்கள். இவர் இல்லை என்று சொல்லவில்லையாம். சிரித்துக்கொண்டே நின்றாராம். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

எனக்குக் கோபம் வந்தது. ரொம்ப நாள் கழித்து ஏதோ ஒன்று வந்ததே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும், "இல்லன்னு சொல்ல ஒங்களுக்கு வாயில்லையா?" என்று கேட்டேன்.

ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றுவதை நிறுத்தவில்லை. "சொல்லத்தான் நெனச்சேன். கேக்க நல்லாயிருந்துச்சு. செத்த நேரம் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

அந்தக் கோபமும் வந்த வழியே போய்விட்டது. பாத்திரம் கழுவப் போனேன்.

அரையிறுதியில் தோற்றார்கள். நான் போகவில்லை, கேள்விப்பட்டதுதான். ஆட்டம் சமனாகி, கடைசியில் ஒவ்வொருவராக வந்து கோல் அடிக்கிற நிலைமை. கடைசிப் பந்து இவருடைய இரண்டு காலுக்கும் நடுவே போயிருக்கிறது. முதலில் கண்டக்டர் சிரித்தாராம், அதற்குப் பிறகு எல்லோரும் சிரித்தார்களாம். மொத்தக் கூட்டமும் பேடும் கம்புமாக பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த சலூனுக்குள் போய் வரிசையாக உட்கார்ந்து மழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. இவர் அப்படியே அத்தை வீட்டுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு துணிப் பை. உளுந்து மாவு, கருப்பட்டி, ஒரு பாட்டில் நல்லெண்ணெய். இடுப்புக்குப் பலம் வரப் பெண்களுக்குக் களி கிண்டிக் கொடுப்பதற்கான சாமான்கள். பிள்ளை பெற்றாலும் கொடுப்பார்கள், கலைந்துபோனாலும் கொடுப்பார்கள், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நீங்கள் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னேன் என்றார். மேட்சில் தோற்றுவிட்டோம், அதனால்தான் எடுத்தேன் என்று வாசலிலேயே சொன்னாராம். அத்தை அவருடைய கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, சரிய்யா, சரிய்யா என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய் இந்தப் பையைக் கொண்டுவந்து கொடுத்தாராம். நான் இப்ப வரலை, என்னயப் பாத்தா அவளுக்குத் தாங்காது என்றாராம். நான் பையை அடுப்பங்கரை மேடையில் வைத்தேன். தாடி போன பிறகு அவர் முகம் சின்னதாகத் தெரிந்தது. தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

மறுநாள் காலையில் அந்த முகத்தோடு அவர் மில்லுக்குப் போவதைத் தெரு பார்த்தது. பிரசவத்துக்கு முன்னால் தாடி போனால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். ஆட்டோக்காரர் காசு வேண்டாம் என்றார், திணித்துவிட்டு இறங்கினேன். யூனிட்டில் என் மேசையைச் சுற்றிப் பேச்சு நின்றுபோனது. நார்த்தங்காய் கொடுத்த பெண் தண்ணீர் பாட்டிலை நிறைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். மத்தியானத்துக்கு மேல் முதலாளியம்மாவே வந்து, நீங்க வீட்டுக்குப் போங்க, ரெண்டு நாள் இருந்துட்டு வாங்க என்றார். ஊரே எனக்காகத் துக்கம் காத்தது, நான் மட்டும் மரக்கட்டை மாதிரி டப்பாவைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறப்பதற்குள் எதிர் வீட்டு அக்கா பின்னாலேயே வந்துவிட்டார். என்னைக் கேட்காமல் அடுப்பங்கரைக்குள் போனார். மேடையில் இருந்த பையைத் திறந்து பார்த்தார். மாமியா குடுத்து விட்டாவளா என்று மட்டும் கேட்டார். கருப்பட்டியைத் தட்டிப் பாகு வைத்து, மாவைத் தூவிக் கிண்ட ஆரம்பித்தார். நல்லெண்ணெய் வாசம் வீடு முழுக்கப் பரவியது.

நான் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதற்கு மேலும் விட்டால் பாவம் என்று பட்டது. எவ்வளவு தூரம் போய்விட்டது, அக்காவிடமாவது உள்ளதைச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று, "யக்கா, நான் சொல்லுறதக் கேளுங்க. ஒண்ணுமே இல்லக்கா" என்றேன்.

அக்கா கிண்டுவதை நிறுத்தவில்லை. "ஒண்ணுமே இல்லன்னு சொல்லாதட்டி. எம்புட்டு நாள் இருந்தா என்ன, இருந்தது இருந்ததுதான்" என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், இருந்தது. சில வாரம் இருந்தது. டாக்டரம்மா கை குலுக்கினார். பஸ்ஸில் வரும்போது நான் பையை வயிற்றுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு வந்தேன். இவர் அதற்கு ஒரு செல்லப் பெயர்கூட வைத்தார். அது போனதற்கு யாரும் வரவில்லை, யாரும் அழவில்லை, நாங்களும் அழவில்லை. இப்போது அழுதேன். வாயைப் பொத்திக்கொண்டு அழப் பார்த்து, முடியாமல், தெருவுக்குக் கேட்கும்படி அழுதேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, நிறுத்தச் சொல்லவும் தோன்றவில்லை.

ஷிப்ட் முடிந்து இவர் வந்து நிலைப்படியில் நின்றதை அக்காதான் முதலில் பார்த்தார். என்ன, என்ன என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"வாங்க தம்பி, நீங்களும் வந்து உக்காருங்க" என்றார் அக்கா. "அவளுக்கு மட்டுமா போச்சு? நீங்களும் அப்பந்தான."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அது ஹாக்கிக்கு வளர்த்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அக்கா எழுந்து போயிருப்பார். அவருடைய கை மழித்த கன்னத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

"ஆமாக்கா" என்றார்.